இசக்கிச்செல்வி எழுதிக்கொடுத்த மூன்று வரி

கோவில்பட்டியில் பழைய வண்டிகளின் கார்பரேட்டர், டேங்க் வேலைக்கு இரண்டு பட்டறைகளைச் சொல்வார்கள். ஒன்று வேல்ராஜுடையது. இன்னொன்று அவன் தங்கை இசக்கிச்செல்வியுடையது. இரண்டுக்கும் நடுவே முக்கால் கிலோமீட்டர் இருந்தால் அதிகம். அண்ணனும் தங்கையும் பேசிப் பதினோரு வருசம் ஆகிறது. அம்மா செத்த வீட்டில்கூட ஆளுக்கொரு பக்கமாக நின்று அழுதுவிட்டுப் போனார்கள்.

அதற்கு முன்னால் இருவரும் ஒரே பட்டறையில்தான் வேலை பார்த்தார்கள். ஒருநாள் சங்கரன்கோவில்காரர் ஒருவர் தன் அம்பாசிடரை எடுக்க வந்தார். நின்ற இடத்தில் இஞ்சின் சீராக ஓடுவதைக் கேட்டு, "யாரு கைவேல இது?" என்றார். வேல்ராஜ், "நாந்தான்" என்றான். இசக்கிச்செல்வி மூன்று நாள் உட்கார்ந்து செய்த வேலை அது. "ஏண்ணே, நான்லா செஞ்சேன்" என்றாள். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வேல்ராஜ் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ சாமான் கழுவுனவட்டி. கழுவுனதெல்லாம் வேலையா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அன்றைக்கே தன் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். பைபாஸ் பக்கம் தகரக்கொட்டகை போட்டு, முதல் வருசம் பட்டினி கிடக்காத குறையாகப் பிழைத்தாள். ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இப்போதெல்லாம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு குட்டி லாரி ஒரு சிவப்புக் காரைச் சுமந்துகொண்டு அவள் பட்டறை முன்னால் வந்து நின்றது. ஐம்பது வருசத்துக்கு முந்தைய இங்கிலாந்து வண்டி. இரண்டே சீட்டு. மேல்கூரையை மடக்கிவிடலாம். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் உருவம். பானெட்டில் ஒரு பக்கம் பெயின்ட் கொப்பளித்துக் கருகிப் போயிருந்தது. லாரியின் பின்னாலேயே வேறொரு காரில் நந்தகோபால் வந்து இறங்கினான். கழுகுமலை ரோட்டில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் குடும்பம். முப்பத்தெட்டு வயதிருக்கும். வலது கையில் முழங்கை வரை வெந்து ஆறிய தோல் பளபளவென்று இருந்தது.

"ஒங்க அண்ணனுக்கும் ஒங்களுக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும்" என்றான். "அதனாலதான் மதுரைக்குப் போகாம இங்கன வந்தேன்."

"வண்டிக்கு என்ன செய்யுது, அண்ணாச்சி?"

"ஒங்க அண்ணன்தான் செஞ்சான். டேங்க்ல ஓட்டைன்னு குடுத்தேன். பத்தவெச்சுக் குடுத்தான். அஞ்சு மாசத்துல பசுவந்தனை ரோட்டுல போகையில தீப்பிடிச்சிருச்சு. சட்டையக் கழத்தி அடிச்சு அணைச்சேன். இந்தக் கையப் பாருங்க."

ஊருக்குத் தெரிந்த கதைதான். டேங்க் வேலைக்குக் கிடந்த நாளில் வேல்ராஜுக்கும் நந்தகோபாலுக்கும் வாய்ச்சண்டை வந்தது. "இந்த வண்டிய வெச்சுக்கிட ஒமக்குத் தகுதி இல்லவே" என்று வேல்ராஜ் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். அந்தக் கோபத்தில்தான் வேண்டுமென்றே பழுதாக வேலை செய்து தன்னைக் கொல்லப் பார்த்தான் என்று தீப்பிடித்த பிறகு நந்தகோபால் போலீசில் புகார் கொடுத்தான். வேல்ராஜை ஒரு நாள் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் பட்டறைக்குக் கார் வருவது பாதியாகக் குறைந்தது.

"வண்டியச் சரி பண்ணுங்க. கூடவே ஒங்க அண்ணன் எங்கன தப்புப் பண்ணிருக்கான்னு ஒங்க லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க. எஸ்.ஐ. அதத்தான் கேக்காரு. வேற மெக்கானிக்கு எழுதுனா தொழில் போட்டின்னு சொல்லுவாங்க. கூடப் பெறந்த தங்கச்சியே எழுதுனா யாரு மறுக்க முடியும்?"

இசக்கிச்செல்விக்கு அது கசக்கவில்லை. எழுதிக்கொடுக்கக் கை துறுதுறுத்தது என்பதுதான் உண்மை. தான் வெளியேறிய பிறகு அண்ணனின் வேலை கெட்டுவிட்டது, பேரை வைத்து ஓட்டுகிறான் என்று அவள் வெகுநாளாக நம்பிக்கொண்டிருந்தாள். அதை இப்போது காகிதத்தில் எழுதலாம்.

"விட்டுட்டுப் போங்க. பாத்துச் சொல்லுதேன்" என்றாள்.

நந்தகோபாலின் டிரைவர் பரமசிவனும் அவளும் சேர்ந்து வண்டியைத் தள்ளிக் கொட்டகைக்குள் ஏற்றினார்கள். பரமசிவன் அறுபது வயதுக்காரர். ஏதோ சொல்ல வாயெடுத்து, முதலாளியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அன்று மதியமே அவள் டேங்க்கை இறக்கினாள். மிச்சமிருந்த பெட்ரோல் கடுங்காப்பி நிறத்தில் வந்தது, பழைய வார்னிஷ் வாடையோடு. ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் பழைய ரப்பருக்கு ஆகாது. எல்லாம் வறண்டு விரலுக்குக் கீழே நொறுங்கின. ஆனால் கிளிப்புகளின் திருகுகள் எல்லாம் மேலே பார்த்து இருந்தன. அடுத்து வேலை பார்க்கிறவனுக்குக் கை எட்ட வேண்டும் என்று வேல்ராஜ் அப்படித்தான் மாட்டுவான். அதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

டேங்க்கைச் சோப்புத்தண்ணீரில் நாலு தடவை அலசி, வெயிலில் கவிழ்த்துவைத்து, பெட்ரோல் வாடை முழுக்கப் போன பிறகு மறுநாள் காலையில் பார்க்க உட்கார்ந்தாள். வெளிப்புறத்தில் வேல்ராஜ் ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் ஒரு சாண் நீளம் இருந்தது. கரடு இல்லை, ஊசி நுழையும் துளை இல்லை, நூல் பிடித்ததுபோல ஒரே அகலம். காற்றடைத்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கினாள். ஒரு குமிழி வரவில்லை. இன்னும் கொஞ்சம் காற்றேற்றி அமுக்கினாள். அப்போதும் வரவில்லை.

"சனியன்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பிறகு பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்தாள். உள்சுவர் முழுக்க சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. பாம்புச் சட்டை உரிவதுபோல ஏடு ஏடாக உரிந்து தொங்கியது. டேங்க்கின் அடியில் துருவும் அந்தத் துணுக்குகளும் கூழாகக் கிடந்தன. பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வலை பாதி அடைத்திருந்தது. டிக்கிக்குள் இருந்த பம்பைப் பிரித்தாள். அதற்குள்ளும் சாம்பல் துணுக்கு.

வண்டிக்கு இரண்டு கார்பரேட்டர். முன்னால் இருந்ததைக் கழற்றி, மிதவை இருக்கும் கிண்ணத்தைத் திறந்தாள். பெட்ரோல் போதும் என்றதும் மிதவை மேலே வந்து ஒரு ஊசியைத் தூக்கி வழியை அடைக்க வேண்டும். அந்த ஊசிக்கும் அது உட்காரும் துளைக்கும் நடுவே, நகத்துண்டு அளவில் ஒரு சாம்பல் துணுக்கு மாட்டியிருந்தது. ஊசி அடைக்கவில்லை. பெட்ரோல் நிரம்பி வழிந்திருக்கிறது. நேர் கீழே கொதிக்கும் சைலன்சர் குழாய். தீ எப்படிப் பிடித்தது என்பதில் அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. துணுக்கை இடுக்கியால் எடுத்து ஒரு வெள்ளைத்தாளில் வைத்தாள்.

வேல்ராஜ் டேங்க்குக்குப் பூச்சுப் போடுகிறவன் இல்லை. யாராவது கேட்டால் திட்டி அனுப்புவான். ஆனாலும் பதினோரு வருசத்தில் மாறியிருக்கலாம் அல்லவா? அவன்தான் போட்டான் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நந்தகோபாலுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "டேங்க் உள்ளே பூச்சு போட்டது யார்? எப்போது?"

பத்து நிமிசத்தில் குரல் பதிவு வந்தது.

"அது நான் போட்டதும்மா. ஒங்க அண்ணன் வேணாம்னுதான் சொன்னான். அவன் பத்தவெச்சதுல எனக்கு நம்பிக்கை இல்ல. வெளிநாட்டுச் சாமான். வீடியோ பாத்து நானே ரெண்டு டப்பா ஊத்தி உருட்டுனேன். நாலு நாள் காயணும்னு போட்டிருந்துச்சு. ஒரு நாள்லயே பெட்ரோல் ஊத்திட்டேன், நல்லாத்தான் ஓடுச்சு. நீங்க ஒங்க அண்ணன் செஞ்ச தப்ப மட்டும் பாருங்க."

அவள் அதை இரண்டு தடவை கேட்டாள். ஏமாற்றமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் புருசன் சோலைராஜ் போன் பண்ணினான். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்தான். விசயத்தைச் சொன்னாள்.

"அந்தாளு கேட்டத எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு. ஒங்க அண்ணன் நமக்கு என்ன செஞ்சுட்டான்?"

"பொய்யத்தான எழுதணும்?"

"எழுதேன். அவன் ஒன்னப் பத்தி ஊரெல்லாம் சொன்னது என்ன நெசமா?"

அவள் போனை வைத்துவிட்டாள். சோலைராஜ் கேட்டதில் ஞாயம் இருப்பதாகவே பட்டது. ஆனால் அந்தப் பற்றவைப்பைக் குறைசொல்லி எழுத முடியாது. அதைப் பார்த்த கண் அவளுடையது. நாளைக்கே வேறொருவன் அந்த டேங்க்கைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால், வேலை தெரியாதவள் என்ற பேர் அவளுக்குத்தான் வரும். வேல்ராஜ் சொன்னது நிஜமாகிவிடும்.

மறுநாள் நந்தகோபால் வந்தபோது வெள்ளைத்தாளை அவன் முன்னால் வைத்தாள்.

"ஒங்க பூச்சு இது. சரியாக் காயல. உரிஞ்சு வந்து ஊசியில மாட்டியிருக்கு. அதான் தீப்பிடிச்சிருக்கு. எங்க அண்ணன் பத்தவெச்ச எடம் கல்லு மாதிரி இருக்கு."

நந்தகோபாலின் முகம் மாறியது. "என்ன பூச்சு? நான் எதுவும் போடல."

"நேத்து நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொல்லவே இல்ல. ஒங்க அண்ணன் போட்டது அது. ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களோ? ஊருக்காக நடிக்கீங்களோ?"

அவள் போனை எடுத்து அந்தப் பதிவை ஓடவிட்டாள். அவன் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. வாசலில் நின்ற பரமசிவன் தலையைக் குனிந்துகொண்டார். நந்தகோபால் போனைப் பிடுங்குவதுபோலக் கையை நீட்டினான். அவள் ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். தூக்கவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டாள்.

"வண்டி பிரிச்சுக் கெடக்கு" என்றாள். "அள்ளிட்டுப் போறதுன்னா போங்க. நான் மாட்டிக் குடுக்கணும்னா அஞ்சு நாள் ஆகும்." அந்த நிமிசத்திலிருந்து அண்ணாச்சி என்று கூப்பிடுவதை அவள் விட்டுவிட்டாள்.

அவன் அள்ளிக்கொண்டு போகவில்லை. இத்தனை துண்டாகக் கிடக்கும் வண்டியை வேறு எந்தப் பட்டறையில் எடுத்துக்கொள்வார்கள்? அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லிக் கொட்டகை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டான். போனைத் தூக்கிப் பிடித்து அவள் செய்வதையெல்லாம் வீடியோ எடுக்கத் தொடங்கினான்.

"நீயும் ஒங்க அண்ணன் ரத்தம்தான. ஏதாச்சும் செஞ்சு வெச்சிருவ" என்றான். 'நீங்க' என்பது போய் 'நீ' வந்துவிட்டது.

"எடுங்க. மூஞ்சி தெரியுற மாதிரி எடுங்க" என்றாள்.

ஐந்து நாளும் அப்படியே நடந்தது. காலை பத்து மணிக்கு வருவான், மதியச் சாப்பாட்டுக்குப் போவான், மறுபடி வந்து உட்காருவான். அவள் டேங்க்குக்குள் பெயின்ட் ரிமூவரை ஊற்றி ஊறவைத்தாள். பிறகு மூன்று கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டு, வாயை அடைத்து, சாக்கு மேல் வைத்து உருட்டினாள். அரைநாள் உருட்டியதில் தோள் கழன்றதுபோல வலித்தது. கொட்டினால் சாம்பல் தோலும் துருவுமாக வந்தது. மறுபடி அலசி, மறுபடி உருட்டினாள். மூன்றாவது தடவை கண்ணாடியை விட்டுப் பார்த்தபோது இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கார்பரேட்டர்களைக் கடைசித் திருகு வரை பிரித்து, பெட்ரோல் பீச்சும் ஜெட்டுகளின் துளைகளில் காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஊசிகள் இரண்டும் முனையில் வளையம் விழுந்து தேய்ந்திருந்தன. கோயம்புத்தூரிலிருந்து புதுசு வரவழைத்தாள். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டாள். பம்புக்கு முன்னால் கண்ணாடி பில்டர் ஒன்று வைத்தாள். கிளிப்பின் திருகுகளை அவளையும் அறியாமல் மேலே பார்க்கவே மாட்டியிருந்தாள். பார்த்துவிட்டுக் கீழே திருப்பப் போனாள். கை எட்டாது என்பதால் அப்படியே விட்டாள்.

நாலாம் நாள் நந்தகோபால் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினான். "இங்க பாரு, பூச்சுன்னு ஒரு வார்த்தை எழுத வேணாம். 'முன் செய்த வேலையில் கோளாறு'ன்னு பொதுவா எழுது. போதும்."

"முன்ன செஞ்ச வேலைன்னா எது? நீங்க செஞ்சதா?"

"ஒங்க அண்ணன் ஒன்ன நடுரோட்டுல நிக்கவெச்சவன்."

"ஆமா."

"பெறகு என்ன?"

"அதுக்கு அவன நான் சாவுத வரைக்கும் மன்னிக்க மாட்டேன். அது வேற. டேங்க்கு வேற."

ஆறாம் நாள் வண்டி முதல் சாவியிலேயே உறுமிக் கிளம்பியது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். நந்தகோபால் தானும் வருவேன் என்றான், அவளை நம்பித் தனியே விட மாட்டானாம். இரண்டே சீட்டு. தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பசுவந்தனை ரோட்டில் போனார்கள். உளுந்தும் மல்லியும் பிடுங்கி முடிந்து கரிசல் வெடித்துக் கிடந்தது. காற்று சூடாக முகத்தில் அறைந்தது. வண்டி ஒரு இடத்திலும் திணறவில்லை. எழுபதில் போனாலும் நின்ற இடத்தில் இஞ்சின் ஓடினாலும் ஒரே சுருதி.

ஒரு ஊரைத் தாண்டியதும் தார்ரோட்டில் பாதிக்கு மேல் உளுந்துச் செடியைக் காயப்போட்டிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் அடிபட்டு மணி உதிரும். இசக்கிச்செல்வி பிரேக் போட்டாள்.

"ஏத்திப் போ. எல்லாரும் ஏத்தித்தான் போறாங்க" என்றான் நந்தகோபால்.

"வண்டி தரையில கெடக்கு. சைலன்சர் கொதிக்குது. காஞ்ச செடி உள்ள மாட்டுனா மறுபடி எரியும்."

"என் வண்டி. நான் சொல்லுதேன், போ."

அவள் இஞ்சினை அணைத்து, சாவியை உருவி அவன் மடியில் போட்டாள். "அப்பம் நீங்களே போங்க. இதுக்கும் யார் மேலயாவது புகார் குடுக்கலாம்."

அவள் இறங்கி ரோட்டோரம் நின்றாள். செடி காயப்போட்ட பொம்பளைகள் வேடிக்கை பார்த்தார்கள். நந்தகோபால் கொஞ்ச நேரம் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெந்த கையை இன்னொரு கையால் தடவினான். பிறகு ஓட்டுநர் பக்கம் மாறி உட்கார்ந்து, வண்டியைத் திருப்பினான். அவளை ஏறச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுத்து வந்த டவுன் பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

பட்டறைக்கு வந்தபோது அவன் அங்கே காத்திருந்தான். அவள் கையைக் கழுவிவிட்டு, லெட்டர்பேடை எடுத்து அவன் முன்னாலேயே எழுதினாள்.

"இந்த வண்டியின் டேங்க்கில் வேல்ராஜ் செய்த பற்றவைப்பு நல்ல நிலையில் உள்ளது. அதன்பின் உரிமையாளர் ஊற்றிய பூச்சு காயாமல் உரிந்து கார்பரேட்டர் ஊசியில் சிக்கியதால் பெட்ரோல் வழிந்து தீப்பிடித்திருக்கிறது. வேறு கோளாறு இல்லை."

நந்தகோபால் படித்து, நாலாகக் கிழித்துத் தரையில் போட்டான். அவள் அதே மூன்று வரியை மறுபடி எழுதினாள். "இது எஸ்.ஐ.க்கு" என்றாள். அவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலை அவளே ஸ்டேஷனுக்குப் போய்த் தாளையும் குரல் பதிவையும் கொடுத்தாள். எஸ்.ஐ. இரண்டையும் பார்த்துவிட்டு, "நீங்க அவரு தங்கச்சிதான?" என்றார். "பொறந்தது ஒரு வீட்டுல. அவ்வளவுதான்" என்றாள். ஒரு வாரத்தில் நந்தகோபால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டான் என்று கேள்விப்பட்டாள். அவள் திமிர் பிடித்தவள், வாடிக்கையாளரை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்குகிறவள் என்று வியாபாரிகள் மத்தியில் அவன் சொல்லி வைத்ததும் காதில் விழுந்தது. இரண்டு தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் அதற்குப் பிறகு அவளிடம் வரவில்லை.

பங்குனி பிறந்து நாலைந்து நாளில், மதியம் மூன்று மணி வெயிலில் வேல்ராஜ் வந்தான். கொட்டகைக்குள் கால் வைக்காமல் வெளியே வெயிலிலேயே நின்றான். தலை நன்றாக நரைத்திருந்தது. பதினோரு வருசத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை, "ஒன்ன யாருட்டி கேட்டா?" என்பது.

"எத?"

"எனக்கு சர்ட்டிபிகேட் குடுக்க ஒன்ன யாரு கேட்டா? என் வேலைய நீ பாத்து நல்லாருக்குன்னு சொல்லுற அளவுக்கு வந்துட்டயோ?"

அவள் கையிலிருந்த துணியை மேசையில் போட்டாள். "ஒனக்காக ஒண்ணும் குடுக்கல. பொய் எழுத முடியல, அவ்வளவுதான். ஒன் தப்பத்தான் தேடுனேன். கெடைக்கல. கெடச்சிருந்தா கொட்டை எழுத்துல எழுதியிருப்பேன்."

"எழுதியிருப்ப. தெரியும்."

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"ஊசிய என்ன செஞ்ச?" என்றான் வேல்ராஜ்.

"மாத்துனேன்."

"தேச்சிருக்கலாம். தேச்சாலே போதும்."

"வளையம் விழுந்துட்டு. தேச்சா பெட்ரோல் நிக்காது."

"எனக்கு நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சோலைராஜுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் அண்ணனைத் திட்டினாள். அவன், "நான் அப்பமே சொன்னேன்ல" என்றதும் அவனையும் திட்டினாள். அண்ணன் மாறவில்லை என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். வேறொன்றுதான் தாங்க முடியவில்லை. இத்தனை வருசமும் கோபம் வரும்போதெல்லாம், அவன் இப்போது பழைய வேலைக்காரன் இல்லை என்று நினைத்து அவள் ஆறிக்கொள்வாள். இனி அப்படி நினைக்க முடியாது. அந்த ஒரு சாண் ஈயக் கோட்டை அவள் பார்த்துவிட்டாள். அப்படியொரு கோடு தன் கைக்கு வராது என்பதும் அவளுக்குத் தெரியும். அவனை வெறுப்பது முன்னைவிடக் கஷ்டமாகவும், முன்னைவிட அவசியமாகவும் ஆகிவிட்டது.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உதிரிபாகக் கடையில் இருவரும் ஒரே நேரத்தில் போய் நின்றார்கள். அவள் வாஷர் கேட்டாள், அவன் பெல்ட் கேட்டான். கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, யாருக்கு முதலில் எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல் திகைத்தார். முதலில் வந்தது நான்தான் என்றாள் இசக்கிச்செல்வி. வேல்ராஜ் மறுக்கவில்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. அவள் வாஷரை வாங்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். விளாத்திகுளத்துக்காரர் ஒருவரின் ஜீப் டேங்க் அங்கே வெயிலில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது.